எல்லா வாத்தியமும் நானே

இருபத்தைந்து பாட்டு போடுவதாகச் சொல்லியிருந்தேன். போட்டது ஒன்று. நீளம் 2 நிமிடம் 40 விநாடி. அதில் 11 விநாடி விமானம்.

இதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான். மூன்று வருடமாகப் பொங்கலன்று காலையில் மைத்துனர் தவறாமல் அங்கே வந்து, “மாமா, ஆல்பம் எந்த லெவல்ல இருக்கு?” என்று கேட்டுவிட்டு, கூடவே ஒரு கரும்புப் படத்தையும் போட்டுவிட்டுப் போகிறார். மற்றவர்கள் கரும்புக்கு மட்டும் பதில் வாழ்த்து சொல்கிறார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை.

வினை 1999இல் ஆரம்பித்தது. ஒய்டூகே என்ற பூதத்தை விரட்ட நியூ ஜெர்சிக்குக் கப்பலேற்றப்பட்ட, மன்னிக்கவும், விமானம் ஏற்றப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். எடிசனில் ஓர் அறைக்கு நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போட்ட நேரத்தில் பக்கத்துப் பழைய இசைத்தட்டுக் கடையில் நின்றேன். பூப்போட்ட அட்டை, இரட்டை எல்பி, நாலு டாலர். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு படம்: வயரும் சாமானும் இறைந்து கிடக்கும் அறையில் நீளமுடிக்காரர் ஒருவர் கிட்டாரை மாட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பாட்டு எப்படி இருக்குமென்று தெரியாது. அந்த முதுகுக்காகவே வாங்கினேன். என்னிடம் டர்ன்டேபிள் கிடையாது என்பது அறைக்கு வந்து துணியை மடிக்கும்போதுதான் உறைத்தது.

அந்த முதுகு டாட் ரன்ட்கிரனுடையது. அந்த இரட்டைத் தட்டின் பெயர் ‘சம்திங்/எனிதிங்?’. 1972 பிப்ரவரியில் வந்தது. பிலடெல்பியாப் பக்கத்துப் பையன். நாஸ் என்ற குழுவில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். பவர் பாப் என்ற வகைக்கு ஆரம்ப கர்த்தாக்கள் பட்டியல் போட்டால் இவர் பெயர் விடுபடாது. பவர் பாப் வேறொன்றுமில்லை. பீட்டில்ஸ் காட்டிக்கொடுத்த இனிமையான மெட்டு, அதைவிடக் கொஞ்சம் முறுக்கேற்றிய கிட்டார், மூன்று நிமிடத்துக்குள் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துவிடும் நாகரிகம். பெயர் சூட்டியவர் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், 1967இல். இந்தத் தட்டின் மூன்றாம் பக்கத்தில் ‘குடன்ட் ஐ ஜஸ்ட் டெல் யூ’ என்றொரு பாட்டு இருக்கிறது. பவர் பாப் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் விளக்கிக்கொண்டிருக்காமல் அதைப் போட்டுக் காட்டிவிடலாம்.

இதில் என்னைக் கவிழ்த்த சங்கதி வேறு. டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, முன்குரல், பின்குரல் எல்லாவற்றையும் ரன்ட்கிரன் ஒருவரே வாசித்துப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 23. நான் கிட்டத்தட்ட அதே வயதில் கோபால் மொழியில் எழுதிய பழைய நிரல்களில் இரண்டு இலக்க வருடத்தை நாலு இலக்கமாக மாற்றிக்கொண்டிருந்தேன்.

அறைத் தோழர் ஒருவரின் நண்பரிடம் டர்ன்டேபிள் இருந்தது. அவர் அந்தத் தட்டை எனக்காக ஒரு 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தார். முதல் இரண்டு பக்கமும் கேசட்டின் ஒரு புறத்தில். மறுபுறத்தில் மூன்றாம் பக்கம். நாலாவது பக்கத்துக்கு மிச்ச டேப் போதாது, பாதியில் அறுந்தால் அசிங்கமாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு யோசித்தவர், அந்த இடத்தில் எனக்குப் பிடிக்குமே என்று இளையராஜா பாட்டு நாலைப் போட்டுக் கொடுத்துவிட்டார். இன்றுவரை மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு கிட்டார் அலறலோடு முடிந்ததும் என் காது வயலின் கூட்டத்துக்காகத் தயாராகிவிடும். ரன்ட்கிரனுக்குப் பிறகு ராஜா வருவதுதான் அந்த ஆல்பத்தின் இயற்கையான அமைப்பு என்று உடம்பு முடிவு செய்துவிட்டது.

எல்பியைச் சென்னைக்குப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்து வந்ததால் கீறல்கூட இல்லை. வந்ததும் பீரோ தலைமேல் படுக்க வைத்தேன். மேல்தளத்து வீடு. மே மாதம். பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது இரண்டு தட்டும் அப்பளம் பொரிய ஆரம்பிக்கும்போது விளிம்பு தூக்குமே, அந்தப் பதத்தில் இருந்தன. ஆக, பின்னால் டர்ன்டேபிள் வாங்கியும் நாலாவது பக்கத்தை நான் கேட்கவில்லை. அதன் தேவையும் எனக்குத் தோன்றவில்லை. கேட்ட மூன்று பக்கத்தை வைத்துக்கொண்டே ஊருக்கு உபதேசம் பண்ணக் கிளம்பிவிட்டேன்.

அலுவலக கேன்டீனில், கல்யாணப் பந்தியில், ரயிலில் எதிர் சீட்டில் கிட்டாரோடு யார் உட்கார்ந்தாலும் அவரிடத்தில். “ஒரே ஆள் சார். மொத்த ஆல்பமும் ஒரே ஆள். கூட ஒரு கழுதைகூடக் கிடையாது.” பத்துப் பதினைந்து வருடம் இதையே சொன்னேன். தனிமை, தவம், ஏகலைவன் என்று நான் சேர்த்த மசாலாவைக் கேட்டால் ரன்ட்கிரனே கூச்சப்பட்டிருப்பார்.

பிறகு எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் என் உபதேசத்தை மதித்து, ஆல்பத்தை அன்றிரவே போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, மறுநாள் காபி மிஷின் அருகில் வந்து நின்றார்.

“சார், கடைசிப் பகுதியில நிறைய பேர் பேசறாங்க, சிரிக்கறாங்களே. அதுவும் அவரேதானா?”

அந்த நொடியில் ‘நான் அதைக் கேட்டதில்லை’ என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை.

“எல்லாம் அவரேதான்மா. குரல் மாத்திப் பேசுவார்” என்றேன்.

அவர் காபியை ஒரு வாய் குடித்தார். “அந்த லேடீஸ் வாய்ஸுமா சார்?”

அன்று மாலை வீட்டுக்கு வந்து, எனக்குச் சொந்தமான அட்டையை, என் பீரோவிலிருந்து எடுத்து, முதல்முறையாக முழுக்கப் படித்தேன். நாலாவது பக்கத்துக்கு மட்டும் ஒரு பஸ் நிறைய ஆட்கள். டிரம்பெட்டில் ராண்டி பிரெக்கர், சாக்ஸபோனில் மைக்கேல் பிரெக்கர், டிராம்போனில் பாரி ராஜர்ஸ், கீபோர்டில் மூகி கிளிங்மன், பின்குரலுக்குப் பெண்கள். எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி வைத்து, உடனுக்குடன் வாசிக்கச் சொல்லி, இடறியது, சிரித்தது, நடுவில் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் அப்படியே தட்டில் விட்டிருக்கிறார். அதோடு போகவில்லை. தனியாகச் செய்தார் என்று நான் சத்தியம் பண்ணிய மூன்று பக்கங்களின் பெரும்பகுதிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ஐ.டி. சவுண்ட் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளராக ஜேம்ஸ் லோ இருந்திருக்கிறார். ஆக, கூட ஒரு கழுதைகூட இல்லை என்று நான் சொன்னது அவரையும் சேர்த்துத்தான். இந்தப் பக்கத்தின் வழியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் சும்மா இருந்திருப்பான். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. அவர் செய்தது முக்கால்தான் என்றால், முழுசையும் தனியாகச் செய்து காட்டும் வேலை உலகத்தில் இன்னும் காலியாக இருக்கிறது என்று தோன்றியது. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்கள். எனக்குக் கழுதை மேய்க்கவும் தெரியாது.

குடும்பக் குழுவில் அறிவித்தேன். 25 பாட்டு, தமிழில், எல்லா வாத்தியமும் நானே, அடுத்த பொங்கலுக்கு வெளியீடு. பழைய எலக்ட்ரானிக் டிரம் செட் ஒன்று, கண்டென்சர் மைக், கணினியில் செருகும் ஒரு சின்னப் பெட்டி, எல்லாம் சேர்ந்து 46,000 ரூபாய். எங்கள் வீடு நங்கநல்லூரில், இரண்டாவது மாடி. சின்ன அறையில் இஸ்திரித் துணி மூட்டையை நகர்த்திவிட்டு ஸ்டூடியோ அமைத்தேன். முதல் வேலையாக அட்டைப் படம் எடுத்துவிடத் தீர்மானித்து, மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு, கிட்டாரை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கினேன். ரன்ட்கிரன் வீட்டில் லாஃப்ட் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு. பொங்கல் வைக்கும் வெண்கலப் பானை இறங்கி வந்தது. தலையில் விழவில்லை, டிரம் செட்டின்மேல் விழுந்தது. அந்த டிரம் செட்டில் நானறிந்து சரியான இடத்தில் விழுந்த ஒரே அடி.

“ஏங்க, பாட்டு முதல்ல, அட்டை அப்புறம்தானே?” என்றார் மனைவி, பானையில் நெளிவு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டே.

ரன்ட்கிரன் தனியாகப் பதியும் முறை கேட்பதற்கு எளிமையானது. முதலில் டிரம்ஸ். வழிகாட்ட வேறு வாத்தியம் எதுவும் இருக்காது; பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வாசிப்பார். எங்காவது இடறிவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி அடிப்பதில்லை, பாட்டையே அந்த இடறலுக்குத் தக்கபடி திருத்திக்கொள்வார். அதன்மேல் பேஸ், கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல். ‘ஐ சா தி லைட்’ பாட்டை இருபது நிமிடத்தில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். அது அமெரிக்கப் பட்டியலில் 16ஆம் இடம் வரை போனது.

என் முதல் பாட்டின் பெயர் ‘குடை’. எழுத இருபது நாள். மெட்ரோ ரயிலில் ஒருத்தி விட்டுவிட்டுப் போன குடையை வைத்துக்கொண்டு உருகும் ஒருவனைப் பற்றியது. மனசுக்குள் பாடிக்கொண்டே டிரம்ஸ் அடித்தேன். பிரமாதமாக வந்ததாக நம்பினேன். ஹெட்ஃபோனைக் கழற்றினால் அழைப்பு மணி அடித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு மாமி. எலக்ட்ரானிக் டிரம்ஸில் சத்தம் வராது என்றுதான் வாங்கியிருந்தேன். சத்தம் வராதது எனக்கு மட்டும்தான். கால்மிதியின் ஒவ்வொரு உதையும் தரை வழியாக அவர் வீட்டுக் கூரைக்கு இறங்கியிருக்கிறது.

“முறுக்குக்கு மாவு இடிக்கறேளா?” என்று கேட்டார் மாமி. கோபமே இல்லை. “மிஷின்ல குடுத்துடுங்கோ. எதுக்குக் கஷ்டம்?”

அதற்குப் பிறகு கால்மிதியைத் தொடவில்லை. தலையணையைக் கையால் அறைந்து அந்தச் சத்தத்தைப் பதிந்துகொண்டேன்.

அம்மாவிடம் பதிவைப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாது. அவர் பதினோரு வருடம் பாட்டு கற்றவர். அடுக்களையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே, தொடையில் ஆதி தாளம் போட்டபடி கேட்டார். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்தில் கை அந்தரத்தில் நின்றது.

“இங்க மட்டும் மிஸ்ர சாபுக்குப் போறியே, வேணும்னுதானா?”

எட்டு அட்சரம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஒன்றை நான் தின்றிருக்கிறேன். “அது எடுப்புமா. தள்ளி ஆரம்பிக்கிறேன்” என்று சமாளித்தேன்.

“எடுப்புன்னா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல தள்ளணும்டா” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த அவரைக்காயை எடுத்தார்.

சரி, ரன்ட்கிரன் வழி இருக்கவே இருக்கிறது, பாட்டை இடறலுக்குத் தக்கபடி மாற்றிவிடலாம். ஓர் அட்சரம் குறைவதால் ஒரு சொல்லை எடுக்க வேண்டும். ‘உன் குடை என்னிடம்’ என்பதில் ‘உன்’னை எடுத்தேன். ‘குடை என்னிடம்’ என்றாயிற்று. அதுவரை காதல் பாட்டாக இருந்தது, அந்த வரியிலிருந்து காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலமாகிவிட்டது. பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டேன். இடறலைப் பாட்டாக்குவதற்குக்கூட முதலில் பாட்டு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தப் பேட்டியிலும் அவர் சொல்லவில்லை.

ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் தொடங்கும்போது ரன்ட்கிரன் பாட்டை நிறுத்திவிட்டு நம்மோடு பேசுவார். ஸ்டூடியோவில் நேரும் குற்றங்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவார்: டேப்பின் இரைச்சல், மின்சார ரீங்காரம், மைக்கில் மூச்சு வெடிக்கும் சத்தம், டேப்பை வெட்டி ஒட்டியதில் தெரியும் தையல். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, உங்கள் இசைத்தட்டுகளில் இவற்றைத் தேடிப் பிடிப்பதை விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்பார். வெளியீட்டுக்கு வந்த தட்டில் இப்படி நின்று தன் தொழிலின் கோளாறுகளை எண்ணிக் காட்டும் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு அது விளையாட்டாக அமையவில்லை, வினாத்தாளாக அமைந்தது. எல்லாக் கேள்விக்கும் விடை எழுதினேன்.

இரைச்சலுக்கு மின்விசிறி. பதியும்போது அதை நிறுத்த வேண்டும். சென்னையில் மே மாதம் மின்விசிறியை நிறுத்திவிட்டு நாலு நிமிடம் கிட்டார் வாசித்தால் விரல் கம்பியில் வழுக்கும், வியர்வை சொட்டும், ஒரே வாரத்தில் கம்பி துருப்பிடிக்கும். மூச்சு வெடிப்பது இன்னொரு கதை. தமிழில் ‘ப’வுக்கு அவ்வளவு காற்று செலவாகாது, நாம் இயல்பாகச் சொன்னால் மைக் வெடிக்காது. நானோ வெள்ளைக்காரப் பாடகரைப் போலப் பாட ஆசைப்பட்டு, ‘ப்ஹௌர்ணமி’ என்று ஊதினேன். எம்பிராய்டரி வளையத்தில் மகளின் பழைய துப்பட்டாவைக் கட்டி மைக் முன்னால் நிறுத்தினேன். பௌர்ணமி அடங்கியது. வளையம் மட்டும் இரண்டு முறை மூக்கில் இடித்தது.

ரீங்காரம்தான் அழகு. நிலக்கம்பி சரியில்லாத பிளக்கில் செருகினால் மின்சாரத்தின் அலை ஒலிப்பதிவில் ஏறிவிடும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. இந்த 50 என்பது பாட்டுக்காரர்கள் ஜி என்று சொல்லும் ஸ்வரத்துக்கு மிக அருகில், அதைவிடச் சற்றே மேலே நிற்கிறது. என் பாட்டும் ஜி. ஆக, மின்வாரியமே எனக்கு ஆதார ஸட்ஜம் பிடித்துக்கொண்டிருந்தது. இதுவும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

“தம்பூரா போட்டிருக்கியா? நல்ல காரியம். ஆனா ஸ்ருதி சேரலையே.”

சேராதது கரண்டா நானா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பேஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என்னிடம் பேஸ் கிட்டார் இல்லை. சாதாரணக் கிட்டாரைக் கணினியில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினேன். ஏப்பம் போல வந்தது. பின்குரல்களுக்கு ரன்ட்கிரனைப் போலவே என் குரலையே மூன்று முறை பதிந்து அடுக்கினேன். ஒரே பிசகை மூன்று பேர் ஒற்றுமையாகச் செய்ததுபோல் இருந்தது.

மூன்று வாரம் என் கிட்டார் தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிவந்தது. எவ்வளவு முயன்றாலும் கால் மாத்திரை தாமதம். வயதாகிவிட்டது, விரலில் வேகமில்லை என்று மனம் நொந்து, காலையில் விரலுக்கு நல்லெண்ணெய் தேய்க்கும் அளவுக்குப் போனேன். மகள் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, புளூடூத் ஹெட்ஃபோன்லயா கேட்டுக்கிட்டு வாசிக்கிறே? அதுல சவுண்டு லேட்டாத்தான்பா வரும்.” வயர் வைத்த ஹெட்ஃபோனைக் கொடுத்தாள். தாமதம் போய்விட்டது. இப்போது தாளத்துக்கு முன்னால் ஓடினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. அதைச் சரி செய்ததுதான் தவறு.

இந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் எமிட் ரோட்ஸ். கலிபோர்னியாவின் ஹாதார்ன் ஊர்க்காரர். பீச் பாய்ஸ் சகோதரர்கள் வளர்ந்த அதே ஊர். பெற்றோர் வீட்டுப் பின்னால் இருந்த ஷெட்டில் நாலு டிராக் டேப் மிஷினை வைத்துக்கொண்டு எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து ஓர் ஆல்பம் செய்தார். 1970இல் வந்தது. வயது 20. கேட்டால் பால் மெக்கார்ட்னி விட்டுப்போன பாட்டுகளோ என்று தோன்றும், அவ்வளவு சுத்தம். பில்போர்டு பட்டியலில் 29ஆம் இடம். ரன்ட்கிரனின் இரட்டைத் தட்டும் அதே 29ஆம் இடத்தில்தான் நின்றது என்பது எனக்கு ஏதோ ஜாதகப் பொருத்தம் போலப் படும்.

ஆனால் ரோட்ஸ் போட்ட ஒப்பந்தம் கொடுமையானது: ஆறு மாதத்துக்கு ஓர் ஆல்பம். தனியாளாக ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசித்து அடுக்குகிறவனால் எப்படி முடியும்? முடியவில்லை. கம்பெனி இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1973இல் மூன்றாவது ஆல்பத்தோடு மனிதர் ஒதுங்கிவிட்டார். அடுத்த ஆல்பம் 2016இல். நடுவில் 43 வருடம். அதில் அவர் தனியாக வாசிக்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த இளையவர்கள் வந்து கூட நின்று வாசித்தார்கள். 2020 ஜூலையில் இறந்துபோனார்.

இந்தக் கதையை நான் மைத்துனருக்கு ஒரு பொங்கலன்று விரிவாக அனுப்பினேன், 43 வருடம் என்ற இடத்தைத் தடித்த எழுத்தில் போட்டு. அவரிடமிருந்து பதில் வந்தது: “மாமா, அவர் மூணு ஆல்பம் போட்டுட்டுல்ல லீவு எடுத்தார்?”

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி தாங்காது என்று, ‘குடை’யை ஒரே மூச்சில் பாடி முடித்துவிட உட்கார்ந்தேன். தலையணைத் தாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியில் மோதிர விரலால் தட்டினார், எட்டுக்கு எட்டு, பிசகில்லாமல். மகள் மூன்றாவது சரணத்தில் யாரும் கேட்காமலே மேல்ஸ்தாயியில் சேர்ந்துகொண்டாள். இடையில் ஒரு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கப் போனது. நான் நிறுத்தப் பார்த்தேன், அம்மாவின் விரல் நிற்கவில்லை, அதனால் நானும் நிற்கவில்லை. முடிவில், அடுக்களையிலிருந்து மனைவி, “குழம்பு ஆறுதுங்க” என்றார். அது சரியாகக் கடைசிக் கார்டு அடங்கும் இடத்தில் விழுந்திருக்கிறது. வெட்டி எடுத்துப் பார்த்தேன். வெட்டினால் பாட்டு நொண்டியது. திரும்ப ஒட்டிவிட்டேன்.

குழுவில் போட்டேன். மாமா ஒருவர் கட்டை விரல் காட்டினார். சித்தி, “விமானம் எங்கேர்ந்து எடுத்தே? தத்ரூபமா இருக்கு” என்று கேட்டார். மைத்துனர் முழுக்கக் கேட்டுவிட்டு எழுதினார்: “அத்தையோட தாளம் நல்லா இருக்கு.”

ஒரு தகவல் பாக்கி. ரன்ட்கிரனின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய ஹிட் பாட்டு ‘ஹலோ இட்ஸ் மீ’. அவர் எழுதிய முதல் பாட்டும் அதுதான். 1968இல் நாஸ் குழுவோடு மெதுவான பாட்டாகப் பதிந்தது. பிறகு இந்த ஆல்பத்துக்காக மறுபடி எடுத்தார். 1973இல் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஆல்பத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நான் அதை முதன்முதலாகக் கேட்டது, வாங்கிப் பல வருடம் கழித்து, காபி மிஷின் அவமானத்துக்கு மறுநாள் இரவு.

எலக்ட்ரானிக் டிரம் செட் விற்பனைக்கு இருக்கிறது. வெண்கலப் பானை விழுந்த இடத்தில் ஒரு சின்ன நசுங்கல், மற்றபடி நல்ல நிலை. கால்மிதி ஒரே ஒரு நாள் உபயோகித்தது. தரைத்தளத்தில் குடியிருப்பவராகப் பார்த்து வாங்கிக்கொள்ளவும். நங்கநல்லூருக்கு வந்து எடுத்துப் போகலாம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், மாமி தூங்குவார்.